ஏழாம் எண்ணுக்கு ஆறு வழிகள்

தேக்கும் வேங்கையும் நெருங்கி வளர்ந்த ஒரு காட்டில், குறுமணி என்ற சருகுமான் தன் கூட்டத்தோடு வாழ்ந்து வந்தாள். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குக் கொம்பு கிடையாது. காய்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் நின்றால், பக்கத்தில் நடந்து போகிறவர்களுக்குக்கூடத் தெரியாது. அந்தக் கூட்டத்திலும் குறுமணி சின்னவள். ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டாள். ஒரு மரத்தடியில் எத்தனை நெல்லிக்காய் விழுந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்வாள்.

அந்த ஆண்டு கோடை கடுமையாக வந்தது. ஓடைகள் வற்றின. காடு முழுவதற்கும் பாறைக்குளம் ஒன்றில்தான் தண்ணீர் மிஞ்சியது. அந்தக் குளத்தைச் சிறுத்தையும் தெரிந்து வைத்திருந்தது.

விடியற்காலையில் எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்கும். அப்போது யாராவது ஒரு குடும்பம் குளத்துக்கு வரும் வழியிலுள்ள உயரமான பாறையில் காவல் நிற்க வேண்டும். சிறுத்தையைக் கண்டால் சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் கொடுத்தவரைத்தான் சிறுத்தை முதலில் பார்க்கும். அதனால் அந்தப் பாறையில் ஏற யாருக்கும் மனம் வரவில்லை.

"வரிசைப்படி நிற்கலாம்" என்றது முயல்.

"வேண்டாம்" என்றான் பசப்பன் என்ற நரி. "வரிசை வைத்தால், சிறிய விலங்குகள் எந்த நாளில் நிற்கும் என்று சிறுத்தை கற்றுக்கொண்டுவிடும். சீட்டுப் போட்டு எடுப்போம். சீட்டு யாருக்கும் சொந்தக்காரன் இல்லை."

காட்டின் தலைவி மலையம்மை என்ற யானை. அவருக்கும் இது நியாயமாகப் பட்டது. சீட்டு போடும் முறையையும் நரியே சொன்னான். இரண்டு சுரைக்குடுக்கைகள். ஒவ்வொன்றிலும் ஆறு புளியங்கொட்டைகள். கொட்டைகளில் ஒரு கீறல், இரண்டு கீறல் என்று ஆறு கீறல் வரை. தாடியண்ணன் என்ற கருமந்தி கண்ணை மூடிக்கொண்டு, இடது குடுக்கையிலிருந்து ஒன்றும் வலது குடுக்கையிலிருந்து ஒன்றும் எடுப்பார். இரண்டு கொட்டைகளின் கீறல்களையும் கூட்டினால் வரும் எண் யாருடையதோ, அன்று அவர்கள் காவல். பிறகு கொட்டைகளைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

"இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை பதினோரு எண்கள் வரும். நாமும் பதினோரு குடும்பங்கள். கச்சிதமாக இருக்கிறது" என்றான் நரி. "எண்களில் பெரியது பன்னிரண்டு. அது நம் தலைவிக்கே உரியது. எளியவன் எனக்குக் கடைசி எண்ணான இரண்டு போதும். சின்னப் பிள்ளைகளான முயலும் சருகுமானும் முள்ளம்பன்றியும் நடுவில் இருக்கட்டும். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பு."

மலையம்மை மகிழ்ந்து தலையாட்டினார். காடே நரியின் பணிவைப் புகழ்ந்தது. கரடிக்கு மூன்று, காட்டுப்பன்றிக்கு நான்கு, மயிலுக்கு ஐந்து, முயலுக்கு ஆறு, சருகுமானுக்கு ஏழு, முள்ளம்பன்றிக்கு எட்டு, கருமந்திக்கு ஒன்பது, புள்ளிமானுக்குப் பத்து, காட்டெருமைக்குப் பதினொன்று என்று எண்கள் பிரிந்தன.

முதல் இருபது நாட்களில் நான்கு முறை ஏழு வந்தது. நரியின் இரண்டு ஒருமுறைகூட வரவில்லை.

ஐந்தாம் முறை ஏழு வந்தபோது, குறுமணியின் கணவன் வரியன் பாறையில் நின்றான். அன்று சிறுத்தை வந்தது. வரியன் காலால் பாறையைத் தட்டித் தட்டி எல்லோரையும் எச்சரித்தான். எல்லோரும் தப்பினார்கள். வரியனும் தப்பினான். ஆனால் அவனுடைய பின்னங்காலில் நகம் ஆழமாக இறங்கியிருந்தது.

மறுநாள் யாரும் அவனை நலம் விசாரிக்க வரவில்லை. மாறாக, காட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. "சருகுமான் கூட்டத்துக்கு ஏதோ பீடை பிடித்திருக்கிறது. இல்லாவிட்டால் சீட்டு ஏன் அவர்கள் மேலேயே விழுகிறது?"

புள்ளிமான்கள் அவர்களைக் கண்டால் வழி மாறிப் போயின. மயில் தன் குஞ்சுகளை அவர்களோடு மேயவிடவில்லை. சருகுமான்கள் எல்லோருக்கும் பின்னால் வந்து, கலங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்பாடாயிற்று.

"நம் தலையெழுத்து அப்படி" என்றான் வரியன், காயத்தை நக்கியபடி.

குறுமணிக்கு அது தாங்கவில்லை. அவன் காயத்தைவிட, அவன் அப்படிச் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது. பாறையில் நின்று காடு முழுவதையும் காப்பாற்றியவன், தன்னைத் தானே பீடை என்று நம்புகிறானே.

"தலையெழுத்து என்றால் அதை நான் படித்துப் பார்க்கிறேன்" என்றாள் அவள்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது கருமந்தியைத்தான். ஐந்து காலைகள் தாடியண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தாள்.

"என்னம்மா, நான் திருடுகிறேன் என்று நினைக்கிறாயா?" என்று கேட்டார் அவர்.

"தெரியவில்லை அண்ணா. அதனால்தான் பார்க்கிறேன்."

அவர் கோபப்படவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள் என்று நகர்ந்து இடம் விட்டார். அவர் கண்ணை இறுக்க மூடினார், குடுக்கையைக் குலுக்கினார், முதலில் கைக்கு வந்ததை எடுத்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்தது கொட்டைகள். ஒன்று பெரிதாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் அதுவே அடிக்கடி கைக்கு வரலாம் அல்லவா? குறுமணி பன்னிரண்டையும் உருட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு.

அப்படியானால் பீடைதானா? அதையும் அவள் சும்மா விடவில்லை. சீட்டின் முதல் நாளிலிருந்தே, தினமும் காவல் நின்ற குடும்பத்தின் பெயரில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு முதல் பன்னிரண்டு வரை வரிசையாகப் பதினோரு குவியல்கள். சீட்டு தொடங்கி முப்பத்தாறு நாள் ஆனபோது அவள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

ஏழின் குவியலில் ஏழு கற்கள். அதன் இரு பக்கத்திலும் முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் ஐந்தைந்து. அங்கிருந்து இரு பக்கமும் கிட்டத்தட்டச் சரிவாக இறங்கி, நரிக்கு ஒன்று, யானைக்கு ஒன்றுமில்லை. நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்த ஒரு சின்னக் கரையான் புற்றைப் போல இருந்தது அது.

குறுமணி வெகுநேரம் அதையே பார்த்தாள். பீடை பிடிப்பதானால் அது இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிடிக்க வேண்டும். எண் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துப் பிடிக்குமா என்ன? கையிலும் தவறில்லை, கொட்டையிலும் தவறில்லை, கூட்டத்திலும் தவறில்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான். எண்.

அவள் மண்ணில் இடது பக்கம் ஆறு கோடுகளும் வலது பக்கம் ஆறு கோடுகளும் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு கூட்டிப் பார்த்தாள். வெயில் ஏறும் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவள் காதுகள் நிமிர்ந்திருந்தன.

அன்று மாலையே காடு கூடியது. கூட்டியவன் பசப்பன்.

"தாயே, சொல்லவே மனம் வரவில்லை" என்று அவன் யானையின் முன் தலையைத் தாழ்த்தினான். "குளத்தில் தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. பீடை பிடித்தவர்கள் வாய் வைப்பதால்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மழை வரும் வரை சருகுமான் கூட்டம் வேறு எங்காவது போய் இருக்கட்டும்."

வேறு எங்கும் தண்ணீர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. வரியன் நொண்டிக் காலை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

மலையம்மை பெருமூச்சு விட்டார். "குறுமணி, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா?"

குறுமணி முன்னால் வந்தாள்.

"போகிறோம் தாயே. அதற்கு முன் நரி அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். அண்ணா, பீடை எங்கள் கூட்டத்தின் மேலா, ஏழு என்ற எண்ணின் மேலா?"

"எண் என்ன செய்யும்? எல்லா எண்ணும் சமம். பீடை உங்கள் மேல்தான்" என்றான் நரி.

"அப்படியானால் நீங்கள் ஏழாம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் இரண்டைக் கொடுங்கள். பீடை எங்களோடு வந்துவிடும், இரண்டு அடிக்கடி வரும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் பீடையும் காட்டுக்கே தெளிவாகத் தெரிந்துவிடும்."

பசப்பனின் வால் அசைவது நின்றது.

"அது முறையல்ல" என்றான். "கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது."

"யார் சொன்னது?" என்று கேட்டது ஒரு குரல். சிலிர்ப்பன் என்ற முள்ளம்பன்றி முன்னால் வந்தது. அதற்கு எரிச்சல் வந்தால் யாருக்கும் பயப்படாது. "எல்லா எண்ணும் சமம் என்று இப்போதுதானே சொன்னாய்? சமமான பொருளை மாற்றிக்கொள்ள உனக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால்..."

"ஆனால் என்ன?" என்றார் மலையம்மை. அவர் காதுகள் விரிந்தன.

மலையம்மை குறுமணியின் பக்கம் திரும்பினார். "அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உனக்கும் தெரிந்திருக்கிறது. அதை எங்களுக்கும் சொல்."

குறுமணி தாடியண்ணனிடம் இரண்டு குடுக்கைகளையும் கொட்டச் சொன்னாள். இடது ஆறு கொட்டைகளை ஒரு வரிசையாகவும், வலது ஆறை எதிர் வரிசையாகவும் வைத்தாள். பிறகு குளக்கரையிலிருந்து முப்பத்தாறு கூழாங்கற்களைக் கொண்டுவரச் செய்தாள்.

"அண்ணா, இடதில் ஒன்று வந்தால் வலதில் என்னென்ன வரலாம்?"

"ஒன்று முதல் ஆறு வரை எது வேண்டுமானாலும் வரலாம்."

"ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு உரியவர் முன்னால் ஒரு கல் வையுங்கள்."

"ஒன்றும் ஒன்றும் இரண்டு" என்று மந்தி நரியின் முன்னால் ஒரு கல்லை வைத்தார். ஒன்றும் இரண்டும் மூன்று, கரடிக்கு. இப்படியே போய், ஒன்றும் ஆறும் ஏழு, சருகுமானுக்கு. அடுத்து இடது குடுக்கையின் இரண்டு. இரண்டும் ஒன்றும் மூன்று, மறுபடி கரடிக்கு. இரண்டும் ஐந்தும் ஏழு, மறுபடி சருகுமானுக்கு.

மூன்றும் நான்கும் ஏழு என்று ஒரு கல் விழுந்தது. அடுத்த வரிசையில் நான்கும் மூன்றும் ஏழு என்று இன்னொரு கல் விழுந்ததும் நரி துள்ளி எழுந்தான்.

"பார்த்தீர்களா, ஏமாற்றுகிறாள். மூன்றும் நான்கும் என்றாலும் நான்கும் மூன்றும் என்றாலும் ஒன்றுதானே? இரண்டு தடவை எண்ணுகிறாள்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். குறுமணி மந்தியைப் பார்த்தாள்.

"அண்ணா, இடது குடுக்கையில் மூன்றும் வலதில் நான்கும் எடுத்த நாளும், இடதில் நான்கும் வலதில் மூன்றும் எடுத்த நாளும் ஒரே நாளா?"

தாடியண்ணன் தாடியைத் தடவினார். "இல்லையம்மா. வேறு வேறு நாட்கள். இரண்டும் நடந்திருக்கிறது. எனக்கு நினைவிருக்கிறது."

"இரண்டு வழியாகவும் வந்தது ஏழுதானே?"

"ஏழுதான்."

"இடது காலில் முள் குத்துவதும் வலது காலில் முள் குத்துவதும் ஒன்று என்று நினைக்கிறவன், என் பக்கத்தில் வந்து கொஞ்சம் நடந்து பார்க்கட்டும்" என்றது சிலிர்ப்பன். கரடி வாய்விட்டுச் சிரித்துவிட்டது.

முப்பத்தாறாவது கல் யானையின் முன்னால் விழுந்தது. ஆறும் ஆறும் பன்னிரண்டு. அவர் முன்னால் இருந்தது அந்த ஒரு கல் மட்டும்தான். நரியின் முன்னாலும் ஒன்றே ஒன்று. முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் ஐந்தைந்து. குறுமணியின் காலடியில் ஆறு.



"கொட்டைகள் எல்லாம் சமம்தான்" என்றாள் குறுமணி. "தாடியண்ணன் கையும் சுத்தம். ஆனால் கூட்டி வரும் எண்கள் சமமில்லை. இரண்டு வருவதற்கு ஒரே ஒரு வழி. ஏழு வருவதற்கு ஆறு வழி. நரி அண்ணன் ஒருமுறை நிற்கும் நாட்களில் நாங்கள் ஆறுமுறை நிற்போம் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். எங்கள் மேல் எந்தப் பீடையும் இல்லை. யார் ஏழாம் எண்ணை வைத்திருந்தாலும் அவர்களுக்கு இதுதான் நடந்திருக்கும்."

பிறகு அவள் தன் கணவனைக் காட்டினாள். "ஆறு பங்கு ஆபத்தை ஏற்றுக்கொண்டு, ஒருநாளும் பாறையை விட்டு ஓடாத கூட்டம் எங்களுடையது. எங்களுக்கா கலங்கிய தண்ணீர்?"

வரியன் முதன்முறையாகத் தலையைத் தூக்கினான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று நரி முணுமுணுத்தான். "விளையாட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். தெரிந்திருந்தால் செய்திருப்பேனா?"

"தெரியாதவன் எண்ணை மாற்றிக்கொண்டிருப்பான்" என்றது சிலிர்ப்பன். "உனக்குத் தெரிந்ததால்தான் மாற்ற மறுத்தாய்."



மலையம்மை தன் முன்னால் கிடந்த ஒற்றைக் கல்லைத் துதிக்கையால் எடுத்தார். "பெரிய எண் என்று இதை எனக்குக் கொடுத்தபோது நான் பூரித்துப்போனேன்" என்றார். "முப்பத்தாறு நாளில் ஒருமுறைகூட என் கூட்டம் பாறை ஏறவில்லை. ஏன் என்று நான் கேட்கவே இல்லை. எனக்கு வசதியாக இருந்தது, கேட்கவில்லை. நரி செய்தது சூது. நான் செய்தது அதைவிடச் சின்னத் தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. குறுமணி, என்னை மன்னித்துக்கொள். வரியா, நீயும்தான்."

அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு சின்ன உயிர்களின் முன் தலை தாழ்த்தியதைக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

"நரிக்கு ஏழாம் எண்ணைக் கொடுங்கள். ஆயுள் முழுக்க அவனே நிற்கட்டும்" என்று காட்டுப்பன்றி உறுமியது. பலரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பசப்பன் ஒடுங்கிப்போனான்.

"வேண்டாம்" என்றாள் குறுமணி. "எங்கள் இடத்தில் வேறொருவரை நிறுத்துவதற்காக நான் இவ்வளவும் எண்ணவில்லை. எல்லோருக்கும் சமமாக இருந்தால் போதும்."

"சமமாக எப்படிச் செய்வது? நீயே சொல்" என்றார் தலைவி.

"ஒரே குடுக்கை போதும். பதினோரு கொட்டைகள். குடும்பத்துக்கு ஒன்று. கூட்டலே வேண்டாம். எடுத்த கொட்டையை உடனே திரும்பப் போட வேண்டாம். பதினொன்றும் தீர்ந்த பிறகு எல்லாவற்றையும் போட்டு மறுபடி தொடங்கலாம். அப்போது எல்லோரும் ஒருமுறை நின்ற பிறகுதான் யாருக்கும் இரண்டாம் முறை வரும். அடுத்து யார் வருவார் என்று சிறுத்தைக்கும் எளிதில் தெரியாது."

தாடியண்ணன் அப்போதே ஒரு குடுக்கையைத் தூக்கி எறிந்தார்.

மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் குளக்கரையில் கூடினார்கள். சருகுமான் கூட்டத்துக்கு முன்வரிசையில் இடம் விட்டிருந்தார்கள். மந்தி கண்ணை மூடி, குலுக்கி, ஒரு கொட்டையை எடுத்துக் கண்ணைத் திறந்தார். அவர் முகம் வாடியது. அதைத் திருப்பிக் காட்டவே அவருக்கு மனம் வரவில்லை.

அது சருகுமானுடைய கொட்டை.

கடைசி வரிசையிலிருந்து பசப்பன் மெல்லச் சொன்னான்: "நான் சொன்னேனே. பீடை பீடைதான்."

"தாடியண்ணா, இன்னொரு முறை எடுங்கள். இது கணக்கில் வேண்டாம்" என்றது முயல்.

"ஏன் வேண்டாம்?" என்றாள் குறுமணி. அவள் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. "பதினொன்றில் ஒன்று யாருக்காவது முதலில் வந்துதானே ஆக வேண்டும்? இன்று எங்களுக்கு வந்திருக்கிறது. இனி மற்ற பத்துப் பேரும் நிற்கும் வரை எங்களுக்கு வராது. நரி அண்ணா, உங்கள் கொட்டை இன்னும் குடுக்கைக்குள்தான் இருக்கிறது. இந்தப் பத்து நாளில் ஒருநாள் அது கட்டாயம் வெளியே வரும்."



"நான் போகிறேன்" என்று வரியன் எழுந்தான்.

"உன் கால் ஆறவில்லையே. நான் போகிறேன்" என்றாள் குறுமணி.

"சரி. இரண்டு பேருமாகப் போவோம்."

இருவரும் நடந்தார்கள். புள்ளிமான்கள் விலகி ஓடவில்லை, நின்று வழிவிட்டன. மலையம்மை துதிக்கையை உயர்த்தி வணங்கினார். பாறையின் பாதி வழியில் வரியன் நின்று மூச்சு வாங்கினான். ஆனால் அவன் முகம் தெளிந்திருந்தது.

"மறுபடியும் நமக்கே வந்துவிட்டது, பார்" என்றான்.

"தலையெழுத்து என்கிறாயா?"

"இல்லை" என்று வரியன் சிரித்தான். "முறை வந்திருக்கிறது."

அவர்கள் உச்சிக்கு ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, நான்கு பக்கமும் பார்த்தார்கள். கீழே காடு முழுவதும் அச்சமில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நீதி: திரும்பத் திரும்ப வருவதை விதி என்று ஒப்புக்கொள்வதற்கு முன், அது வருவதற்கு எத்தனை வழிகள் உண்டு என்று எண்ணிப் பார்.